அரியர் வைத்தவர் அமெரிக்காவில் டாக்டராக முடியுமா?

பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. மூன்று வருடத்தில் நான்கு அரியர். எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது கையில் 54 சதவீதம். பிறகு கல்யாணம், கணவரின் வேலைக்காக அமெரிக்கா, ஒரு குழந்தை. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், பிளஸ் டூ காலத்தில் மூட்டை கட்டி வைத்த ஆசை மறுபடி தலைதூக்குகிறது. டாக்டருக்குப் படித்தால் என்ன?

நியூ ஜெர்சியிலோ டாலஸிலோ கலிபோர்னியாவின் பே ஏரியாவிலோ தமிழ்க் குடும்பங்களோடு பழகுகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. இன்ஜினீயரிங்கை அரியரோடு முடித்து, ஐ.டி.யில் பத்து வருடம் ஓட்டிவிட்டு, அப்பாவின் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு மனம் மாறிய ஆணாகவும் இருக்கலாம். ஆள் மாறினாலும் வீட்டில் கிடைக்கும் பதில் மாறுவதில்லை. "நம்ம ஊர் காலேஜ்லயே அரியர் வச்சவ நீ. இங்க உன்னை யாரு மெடிக்கல் ஸ்கூல்ல சேர்த்துக்குவா?"

சேர்த்துக்கொள்வார்கள் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. டாக்டராவதற்கான எம்.டி. பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வருடந்தோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். உள்ளே நுழைவது சுமார் 23,000 பேர். ஆனால் அந்த மைக்ரோபயாலஜிப் பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் போனால், அதற்குக் காரணம் அநேகமாக அந்த நான்கு அரியராக இருக்காது. இது தெரியாததால் முயன்று பார்க்க வேண்டிய பலர் முயலாமலே ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர், போகக் கூடாத வழியில் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

நல்லதும் சேராது, கெட்டதும் சேராது

நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம். அதற்குப் பிறகே மெடிக்கல் ஸ்கூல், அது இன்னொரு நான்கு வருடம். எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்காஸ்’ என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் வாங்கிய கிரேடையும் அதில் பதிய வேண்டும். ஆம்காஸ் அதை டிரான்ஸ்கிரிப்டோடு வரி வரியாகச் சரிபார்த்து, எல்லோருக்கும் 4.0-ஐ உச்சமாகக் கொண்ட ஒரே அளவுகோலில் ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு) போடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஓர் அறிவியல் ஜி.பி.ஏ.யும் உண்டு.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே படித்த படிப்பின் மதிப்பெண் இந்தக் கணக்கில் வராது. எந்தக் கல்லூரி, எந்த வருடம், என்ன பட்டம் என்பதைக் குறிப்பிட்டே தீர வேண்டும்; கிரேடு மட்டும் ஏறாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவருக்கும் அதே வகுப்பில் அரியர் வைத்தவருக்கும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

தங்கப் பதக்கக்காரருக்கு இது அநியாயம். அரியர்காரருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவர், இளமைத் தடுமாற்றத்தில் 120 கிரெடிட்டை 2.5 ஜி.பி.ஏ.யில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மனம் திருந்தி இன்னும் 60 கிரெடிட் படித்து, எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்குகிறார். இரண்டு வருட உழைப்பு. அப்போதும் மொத்த ஜி.பி.ஏ. 3.0 தான். மெடிக்கல் ஸ்கூலில் சேர்கிறவர்களின் சராசரி 3.8-ஐ நெருங்குகிறது. அவர் எவ்வளவு ஓடினாலும் பழைய 2.5 அவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய கிரேடு அழியாது. இரண்டுமே கணக்கில் ஏறும். நம் மைக்ரோபயாலஜிப் பெண் அதே 60 கிரெடிட்டை அதே ‘ஏ’க்களோடு முடித்தால், அவருடைய ஆம்காஸ் ஜி.பி.ஏ. 4.0.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது துரோகம். கணக்கில் ஏறும் கிரெடிட் குறைவாக இருப்பதால் ஒரு சறுக்கலும் பெரிதாகத் தெரியும். 30 கிரெடிட் முடித்த நிலையில் இரண்டு நான்கு-கிரெடிட் பாடங்களில் மட்டும் ‘சி’ வாங்கி, மற்ற எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கினாலும் ஜி.பி.ஏ. 3.47-க்கு இறங்கிவிடும். பார்க்கிறவருக்கு அதன் பொருளும் வேறு: ஊரில் சரியாகப் படிக்கவில்லை, இங்கும் படிக்கவில்லை. ஆகவே முதல் செமஸ்டரில் வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வது வேண்டாம். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் ஒரு பாடத்தில் தொடங்கினாலே போதும்.

அந்த மார்க் ஷீட்டைச் சற்று அருகில் பார்ப்போம்

ஆம்காஸ் கணக்கில் சேரவில்லை என்பதால் பழைய மதிப்பெண்ணை யாருமே பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. சில கல்லூரிகள் வெளிநாட்டுப் பட்டத்தை டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியாக அறிக்கை வாங்கி அனுப்பச் சொல்லும். அப்போது ஊரில் இருக்கும் அப்பா சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத் தேர்வுத் துறைக்கு நடையாய் நடந்து, சீல் வைத்த கவரில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

அந்தக் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டில் பாடத்தின் பெயர், இன்டர்னல், எக்ஸ்டர்னல், மொத்தம், கடைசியில் தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் இருக்கும். அரியரைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கடைசிப் பத்திதான். மற்ற பாடங்களுக்கெல்லாம் ஏப்ரல் என்று இருக்க, பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு மட்டும் அடுத்த வருட நவம்பர் என்று இருக்கும். நூற்றுக்கு 40 எடுத்தால் பாஸ் என்ற முறையில் வந்த மதிப்பெண் அது. 60-க்குக் கீழே எல்லாம் ஃபெயில் என்று பழகிய அமெரிக்கக் கண்ணுக்கு 54 என்ற எண் பயங்கரமாகத் தெரியும். நம் பல்கலைக்கழகங்களில் 60 என்பது முதல் வகுப்பு. பக்கம் பக்கமாக எழுதும் தேர்வில் 75 வாங்குகிறவர் வகுப்பில் ஓரிருவர். மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு இது தெரியும். இந்தியப் பல்கலைக்கழகத்தில் 60-உம் அதற்கு மேலும் வாங்கினால் ‘ஏ’, 50 முதல் 59 வரை ‘பி’ என்பது பொதுவாக அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தாமே மட்டம் என்று நினைத்து வெட்கப்பட்ட மார்க் ஷீட், மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மூன்றுக்குப் பக்கத்தில் ஜி.பி.ஏ.யோடு வருவது உண்டு. இங்கே பலரும் தங்களை அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அமெரிக்கப் பேராசிரியரிடம் ஆலோசனை கேட்கப் போகும்போது வெறும் சதவீதத்தைச் சொல்லாதீர்கள். வகுப்பைச் சொல்லுங்கள், தேர்ச்சி மதிப்பெண் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய கல்லூரியை விண்ணப்பத்தில் காட்டாமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. பிளஸ் டூவுக்குப் பிறகு எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், பட்டம் முடிக்காமல் விட்டிருந்தாலும், குறிப்பிடுவது கட்டாயம். மறைத்தது தெரிந்தால் விசாரணை வரும். அந்த அறிக்கை விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும். நான்கு அரியரை எந்த மெடிக்கல் ஸ்கூலும் மன்னிக்கலாம், பொய்யை மன்னிக்காது. நோயாளியின் உயிரை நம்பி ஒப்படைக்கப் போகும் ஆளைத் தேடுகிற இடம் அது.

மார்க்குக்கு முன்னால் விசா

ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் மார்க்கைத்தான் முதலில் பேசுகிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: கிரீன் கார்டு இருக்கிறதா?

கிரீன் கார்டு வைத்திருப்பவரை மெடிக்கல் ஸ்கூல்கள் பொதுவாகக் குடிமக்களைப் போலவே நடத்துகின்றன. கூட்டரசின் கல்விக் கடனும் கிடைக்கும். குடும்பத்தாரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4, படிப்புக்கான எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர் சர்வதேச மாணவர். எம்.டி. கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சர்வதேச மாணவர்களின் விண்ணப்பத்தையே பார்க்கின்றன. அவற்றிலும் சில, நான்கு வருடக் கட்டணத்துக்கான பணம் கையில் இருப்பதற்குச் சான்று கேட்கும், அல்லது பணத்தையே முன்கூட்டித் தனிக்கணக்கில் கட்டச் சொல்லும். பல லட்சம் டாலர். மாநில அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றின் கதவு அவர்களுக்குத் திறப்பதே இல்லை.

வேலை வழிக் கிரீன் கார்டில் எந்த நாட்டில் பிறந்தவர்களும் வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல வருடங்களாக நகராமல் கிடக்கிறது. அந்த வரிசையில் நிற்கும் பெற்றோரோடு இரண்டு வயதில் வந்து, அமெரிக்கப் பள்ளியிலேயே படித்து வளர்ந்த பிள்ளை 21 வயதில் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டு, சர்வதேச மாணவராகி நிற்கிறது. 3.9 ஜி.பி.ஏ. இருந்தும் விண்ணப்பிக்கக் கல்லூரி இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது அமெரிக்கச் சட்டம் தன் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இழைக்கும் கொடுமை என்றே சொல்வேன்.

ஆகவே ஹெச்-4-இல் இருப்பவர் செய்யக்கூடியது, கிரீன் கார்டு எப்போது வரும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து நேர்மையாகக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப அடித்தளப் பாடங்களைத் தொடங்குவது. ஹெச்-4-இல் படிக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதுவதை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். அந்த மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்குத்தான் ஏற்கும்.

புதிதாக எழுதப்படும் கணக்கு

காலியாக இருக்கும் அந்த ஜி.பி.ஏ. கட்டத்தை நிரப்ப வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம், புள்ளியியல் போன்ற அடித்தளப் பாடங்களை அமெரிக்காவில் படித்திருந்தால் போதும் என்பவை சில. குறைந்தது ஒரு வருடப் படிப்பு அமெரிக்காவில் வேண்டும் என்பவை சில. 60 கிரெடிட், 90 கிரெடிட் என்று கேட்பவை பல. 90 என்றால் மூன்று வருட முழுநேரப் படிப்பு. நம்முடைய மூன்று வருட பி.எஸ்ஸி.யை நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமாக ஏற்காத கல்லூரிகளும் உண்டு என்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இளநிலைப் பட்டமே எடுத்துவிடுவது பலருக்குச் சரியான வழி. ஊரில் படித்த சில பாடங்களுக்கு அங்கே கிரெடிட் தருவார்கள், வருடம் மிச்சமாகும். அறிவியல் பாடங்களை மட்டும் அப்படி மிச்சம் பிடிக்க வேண்டாம். ஊரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பாஸ் என்பது போதாது, அமெரிக்க வகுப்பில் ‘ஏ’ வாங்கினார் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

இதற்கு எங்கே போவது? பட்டம் முடித்தவர்களுக்கென்றே ‘போஸ்ட்-பேக்’ என்ற பாடத்திட்டங்கள் இருக்கின்றன. கொலம்பியா, பிரின் மார், கவுச்சர் ஆகியவற்றின் பாடத்திட்டங்கள் பெயர் பெற்றவை. ஆலோசகர், பரிந்துரைக் கடிதம், மருத்துவமனைத் தொடர்பு எல்லாம் கூடவே கிடைக்கும். கட்டணம் பல்லாயிரம் டாலர். மறுமுனையில் இருப்பது வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜ். கலிபோர்னியாவாசிக்கு அங்கே ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். மாலை வகுப்பு இருக்கும், வார இறுதி லேப் இருக்கும், முப்பது வயதைத் தாண்டியவர்கள் பக்கத்து மேஜையில் இருப்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஒரு மாற்றுக் குறைவாகப் பார்க்கும் மெடிக்கல் ஸ்கூல்களும் உண்டு. தொடக்கப் பாடங்களை அங்கே படித்துவிட்டு, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி போன்ற மேல்நிலைப் பாடங்களை நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் படித்தால் அந்தக் குறை நீங்கும். கையில் பணமிருந்தாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். மருத்துவம் தனக்கு ஒத்துவருமா என்று தெரியாத கட்டத்தில் பெரிய தொகையைக் கட்டுவது சரியில்லை.

அல்ஃபிரெடோ கின்யோனெஸ்-இனோஹோசா மெக்சிகோவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் வந்தபோது அந்தச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வயல் கூலியாக வேலை செய்தார். ஸ்டாக்டன் நகரின் சான் வாக்கின் டெல்டா காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலத்திலிருந்து தொடங்கிப் படித்தார். அங்கிருந்து பெர்க்லி, அங்கிருந்து ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல். இன்று ஃபுளோரிடாவில் மேயோ கிளினிக்கின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை நடத்துகிறார். எல்லோரும் அவராகிவிட முடியாது, உண்மை. ஆனால் ஊர்ச் சான்றிதழ் செல்லாத நிலையில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து மெடிக்கல் ஸ்கூல் வரை ஒரு பாதை இருக்கிறது என்பதற்கு அவரே சாட்சி.

ஏழரை மணி நேரம்

எம்கேட் தேர்வைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. வெளிநாட்டுப் பட்டதாரியை அமெரிக்க மாணவரோடு நேருக்கு நேர் ஒப்பிட மெடிக்கல் ஸ்கூலுக்கு இருக்கும் ஒரே பொதுவான அளவுகோல் அதுதான். மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும், நடுப்புள்ளி 500. எம்.டி. கல்லூரியில் சேர்கிறவர்களின் சராசரி 512-க்குப் பக்கத்தில்.

தேர்வு மையத்தில் உள்ளங்கையை ஸ்கேன் செய்து உள்ளே அனுப்புவார்கள். எழுதிப் பார்க்க அழித்தெழுதும் பலகைத் தாளும் மெல்லிய மார்க்கரும் தருவார்கள். பேனா, கால்குலேட்டர் கிடையாது. நான்கு பகுதி, 230 கேள்வி, இடைவேளைகளோடு சுமார் ஏழரை மணி நேரம். வேதியியலும் இயற்பியலும் ஒரு பகுதி, உயிரியலும் பயோகெமிஸ்ட்ரியும் ஒரு பகுதி, உளவியலும் சமூகவியலும் ஒரு பகுதி. இவற்றைப் படித்துத் தேறிவிடலாம். நுழைவுத் தேர்வுகளில் ஊறிய நம்மவர்களுக்கு அந்த உழைப்பு பழக்கமானது.

நம்மவர்களைக் கவிழ்ப்பது ‘கார்ஸ்’ என்ற இன்னொரு பகுதி. 90 நிமிடத்தில் ஒன்பது பத்திகள், 53 கேள்விகள். கலை, தத்துவம், வரலாறு, சமூகம் என்று எதைப் பற்றியும் பத்தி வரலாம். அறிவியலே இருக்காது, மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. எழுதியவர் என்ன நினைக்கிறார், எதை மறுக்கிறார், சொல்லாமல் எதை நம்புகிறார் என்பதைப் பிடிக்க வேண்டும். வேலைக்கான ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். இதற்குக் கோச்சிங் வகுப்பு பெரிதாக உதவாது. ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே தினம் அரைமணி நேரம் கனமான ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து, படித்ததைத் தமிழிலாவது யாரிடமாவது வாதாடிப் பார்ப்பதுதான் நான் பரிந்துரைக்கும் பயிற்சி. சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம் என்று போகக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுதவும் முடியாது.

காரணம் சொல்வது, சாக்குச் சொல்லாமல்

ஆம்காஸ் தன்விவரக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள் வரை இடம் உண்டு. பழைய மதிப்பெண்ணுக்கு அதில் இரண்டு மூன்று வரிக்கு மேல் ஒதுக்குவது வீண். ஏன் டாக்டராக வேண்டும் என்பதற்கான இடம் அது. மதிப்பெண் பற்றிய விளக்கத்துக்கு, கல்லூரிகள் பிறகு தனியாக அனுப்பும் கேள்விகளில் இடமிருக்கும். வாழ்க்கையில் சந்தித்த தடைகளைச் சொல்ல 1,325 எழுத்துகளில் இன்னொரு கட்டுரைக்கும் ஆம்காஸிலேயே வழி இருக்கிறது.

நம் மாணவர்களில் பலருக்கு அங்கே சொல்ல வலுவான காரணம் உண்டு, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளி. கல்லூரியில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். பாடம் புரிந்தும் எழுதத் தெரியாமல் முதல் இரண்டு செமஸ்டர் போய்விடும். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் கேட்க யாருமில்லை. இதை வருடத்தோடும் பாடத்தோடும் எளிமையாக எழுதலாம்: முதல் வருடம் இத்தனை, மூன்றாம் வருடம் இத்தனை, இங்கே வந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘ஏ’. ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடு பேசும். குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதற்கு அமெரிக்கச் சேர்க்கைக் குழுக்கள் உண்மையாகவே மதிப்புக் கொடுக்கின்றன. பேராசிரியர் சரியில்லை, பல்கலைக்கழகம் சரியில்லை, வினாத்தாள் கடினம் என்று எழுதினால் அதே குழு முகம் சுளிக்கும்.

காகிதத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. டாக்டர் ஒருவரின் பின்னால் நின்று கவனிப்பது, மருத்துவமனையிலோ ஹாஸ்பிஸிலோ தன்னார்வப் பணி, மருத்துவக் குறிப்பெழுதுநர் வேலை. இவை வருடக் கணக்கில் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த தாத்தா பாட்டிகள் அமெரிக்க மருத்துவமனைப் படுக்கையில் வாயடைத்துக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களோடு உட்கார்ந்த அனுபவத்தை அப்படியே எழுதினால், அதைப் போல எழுத வேறு எவராலும் முடியாது.

தீவுகளிலிருந்து வரும் அழைப்பு

மார்க் குறைந்தவர்களை ஏஜென்ட்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். கிரனடா, பார்படோஸ், அன்டிகுவா, செயின்ட் மார்ட்டின் என்று கரீபியன் தீவுகளில் மெடிக்கல் ஸ்கூல்கள் இருக்கின்றன. சேர்க்கை எளிது. அங்கே படித்துவிட்டு அமெரிக்காவில் நல்ல டாக்டர்களாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏஜென்ட் சொல்லாத எண்கள் இரண்டு. அமெரிக்க எம்.டி. கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களில் 93 சதவீதத்துக்கும் அதிகமானோர் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியில் இடம் பெறுகிறார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வரும் அமெரிக்கக் குடிமக்களில் அது சுமார் 67 சதவீதம். அந்த 67-உம் கடைசி வரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு. நடுவிலேயே கழன்றுகொண்டவர்கள் அதில் இல்லை. ரெசிடென்சி இல்லாத எம்.டி. பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஊசி போடவும் முடியாது. மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. முதல் படித் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் என்று மட்டும் ஆகிவிட்டது. அதிக மதிப்பெண் எடுத்துக் கல்லூரியின் பெயரை மீறி முன்னுக்கு வரலாம் என்ற பழைய வழியும் குறுகிவிட்டது.

தீவுக்கு முன்னால் தட்ட வேண்டிய கதவு ‘டி.ஓ.’ என்ற ஆஸ்டியோபதி கல்லூரிகள். 1892-இல் மிசோரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய மரபு. டி.ஓ. படித்தவருக்கு ஐம்பது மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அத்தனை உரிமையும் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020-இலிருந்து இருவரின் ரெசிடென்சியும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கிறவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இன்று டி.ஓ. மாணவர். சேர்கிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.6-ஐ ஒட்டியும், எம்கேட் 504-ஐ ஒட்டியும் இருக்கிறது. வயது கூடியவர்களையும் வேறு தொழிலிலிருந்து வருகிறவர்களையும் வரவேற்கும் மரபு அவர்களுக்கு உண்டு. நம் சொந்தபந்தத்தில் அந்தப் பட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு என்பதால், எம்.டி. கிடைக்காதவர்கள் நேரே தீவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இந்தக் குழப்பத்துக்குள் வரவே வேண்டாம். அவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி நேராக ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி மெடிக்கல் ஸ்கூல் போகத் தேவையில்லை.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்குக் கதவு இன்னும் ஒடுக்கமானது. ஒன்டாரியோ மாநிலம் 2026 இலையுதிர் காலத்திலிருந்து மருத்துவ இடங்களில் 95 சதவீதத்தைத் தன் மாநிலத்தவருக்கே ஒதுக்கி, சர்வதேச மாணவர்களை நிறுத்துகிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் குடியிருந்து நிரந்தர வாழ்வுரிமை பெற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. 2025-இல் பிராம்ப்டனில் தொடங்கிய டொராண்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழக மெடிக்கல் ஸ்கூல் எம்கேட் கேட்பதில்லை. அதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

பணமும் வருடமும்

அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் முடிப்பவர்களின் இடைநிலைக் கடன் சுமார் 2,00,000 டாலர். 2025-இல் வந்த சட்டத்தால், 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்குக் கூட்டரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. செலவு முழுவதற்கும் கடன் தந்துவந்த ‘கிராட் பிளஸ்’ திட்டம் புதியவர்களுக்கு இல்லை. தனியார் கல்லூரிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் இந்த வரம்பைத் தாண்டும். மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடனா, கணவரின் அல்லது மனைவியின் சம்பளமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் இருவரும் மனமொத்து இறங்காவிட்டால் இந்தக் காரியம் நடுவில் உடைந்துவிடும்.

வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. 31 வயதில் தொடங்குகிறவருக்குப் பாடங்களுக்கு மூன்று வருடம், விண்ணப்பத்துக்கு ஒரு வருடம், மெடிக்கல் ஸ்கூல் நான்கு வருடம். ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி மூன்று வருடம். 42 வயதில் சுதந்திரமாகத் தொழில் செய்யும் டாக்டர். நரம்பியல் அறுவை சிகிச்சை என்றால் அதோடு நான்கு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். ரெசிடென்சியில் சம்பளம் உண்டு, தூக்கம் குறைவு.

ஆம்காஸ் விண்ணப்பம் வருடந்தோறும் மே மாதம் திறக்கிறது, அனுப்பியவர் அடுத்த வருட இலையுதிர் காலத்தில்தான் வகுப்புக்குப் போவார். கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்கும். பதிவு அதற்குப் பல வாரம் முன்பே திறந்துவிடும், லேப் உள்ள மாலை வகுப்புகள்தான் முதலில் நிரம்பும். பழைய வேதியியல் மறந்திருந்தால் அறிமுக நிலை வகுப்பிலேயே சேரலாம். கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது ஊர் மார்க் ஷீட்டையும் எடுத்துச் செல்லுங்கள், பிளஸ் டூ சான்றிதழையும் சேர்த்து.